மெதுவாகப் போகச் சொன்ன ஆல்பம்

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு வட்டாரத்தைச் சேர்ந்த ரேடியோஹெட் என்ற ராக் இசைக்குழு 1997 இல் வெளியிட்ட மூன்றாவது ஆல்பம் ‘ஓகே கம்ப்யூட்டர்’. மொத்தம் 12 பாடல்கள், 53 நிமிடம். பெயரில் கம்ப்யூட்டர் இருக்கிறது. வெளிவந்த காலமோ இணையம் வீடுகளுக்குள் மெல்ல எட்டிப் பார்த்த காலம். அதனால் கணினி யுகத்தை முன்கூட்டியே கண்டு சொன்ன ஆல்பம் என்று இதைப் பற்றி எழுதுபவர்கள் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். பாடல்களை உட்கார்ந்து கேட்டால் அந்தப் பெயர் அவ்வளவாகப் பொருந்தவில்லை. கம்ப்யூட்டரைவிடக் காரும் விமானமும் நெடுஞ்சாலையும்தான் அதிகம் தட்டுப்படுகின்றன. முதல் பாட்டு கார் விபத்தில் உயிர் தப்பிய ஒருவனுடையது. கடைசிப் பாட்டு, தலைதெறிக்க ஓடும் ஒருவனைக் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே ஓடுவது வேகம் பற்றிய பயம்.

குழுவில் ஐந்து பேர். பாடகர் தாம் யார்க், கிட்டாரும் கீபோர்டும் வாசிக்கும் ஜானி கிரீன்வுட், அவருடைய அண்ணனும் பேஸ் கிட்டார் கலைஞருமான காலின் கிரீன்வுட், இன்னொரு கிட்டாருக்கு எட் ஓ'பிரையன், டிரம்ஸுக்கு ஃபிலிப் செல்வே. ஐவரும் ஆபிங்டன் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். பள்ளியின் இசை அறையில் வெள்ளிக்கிழமைதோறும் ஒத்திகை பார்த்ததால் ‘ஆன் எ ஃப்ரைடே’ என்றே குழுவுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். 1991 இல் இஎம்ஐ நிறுவனத்துடன் ஒப்பந்தமான பிறகு, டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் பாட்டொன்றின் தலைப்பை எடுத்து ரேடியோஹெட் ஆனார்கள். அன்று முதல் இன்று வரை அதே ஐந்து பேர். ஆள் மாறவே இல்லை. ராக் குழுக்களில் இது அபூர்வம்.

ஆல்டர்னேடிவ் ராக் என்பது 1980களில் பெரிய இசை நிறுவனங்களின் பிடிக்கு வெளியே, சிறு கம்பெனிகளையும் கல்லூரி வானொலிகளையும் நம்பி வளர்ந்த ராக் இசைக்கு இடப்பட்ட பெயர். 1991 இல் நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ விற்பனையில் கொடிகட்டிப் பறந்ததும் பெரிய நிறுவனங்கள் அந்தப் பக்கம் பாய்ந்தன. அப்புறம் அந்தப் பெயரில் ‘மாற்று’ என்பதற்குப் பெரிதாக அர்த்தம் இருக்கவில்லை. ரேடியோஹெட் வந்தது இந்தக் கட்டத்தில்தான். சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டாக, முதலில் வந்த ‘க்ரீப்’ உலகம் முழுக்க ஓடியது; போகிற இடமெல்லாம் அதையே கேட்டார்கள். ஒரே பாட்டில் காணாமல் போகிற குழுக்களின் வரிசையில் இதையும் சேர்த்து எழுதினார்கள் விமர்சகர்கள். 1995 இல் வந்த ‘தி பெண்ட்ஸ்’ அந்தப் பேச்சை நிறுத்தியது.

‘தி பெண்ட்ஸ்’ ஒலிப்பதிவில் உதவியாக இருந்த பொறியாளர் நைஜல் காட்ரிச். குழுவில் ஜானியைத் தவிர மற்றவர்களைவிட வயதில் இளையவர். போஸ்னியப் போரில் சிக்கிய குழந்தைகளுக்கு நிதி திரட்ட வார் சைல்டு அமைப்பு ஒரு தொகுப்பு ஆல்பம் கொண்டுவந்தபோது, அதற்காக ‘லக்கி’ என்ற பாட்டை 1995 செப்டம்பரில் ஒரே நாளில் காட்ரிச்சோடு பதிந்து கொடுத்தார்கள். மாதக்கணக்கில் இழுக்கிற வேலை சில மணி நேரத்தில் முடிந்தது, நன்றாகவும் வந்தது. அடுத்த ஆல்பத்துக்கு அனுபவசாலியான தயாரிப்பாளர் யாரும் வேண்டாம், இவரோடு சேர்ந்து நாமே செய்துகொள்ளலாம் என்ற தைரியம் அந்த ஒரு நாளில் வந்ததுதான். ‘லக்கி’ பின்னால் இந்த ஆல்பத்திலும் இடம் பிடித்தது.

பிரிட்டனில் இவர்களுடைய இசை நிறுவனமான பார்லோஃபோன் ஒரு லட்சம் பவுண்டு கொடுத்தது. கெடு எதுவும் வைக்கவில்லை. அந்தப் பணத்தில் ஸ்டூடியோ வாடகை கட்டாமல் சொந்தமாகக் கருவிகள் வாங்கினார்கள். என்னென்ன வாங்குவது என்று காட்ரிச் சொன்னார். அவற்றில் ஒன்று பிளேட் ரிவெர்ப்: ஆளுயரத்துக்கு மேல் நீளமான உலோகத் தகட்டை அதிரவிட்டுக் குரலுக்கு எதிரொலி சேர்க்கும் பழைய காலத்துச் சாதனம். பாடகர் ஜோனா லூயியிடமிருந்து அதை வாங்கினார்கள். எல்லாவற்றையும் டிட்காட் ஊருக்குப் பக்கத்தில் ஆப்பிள் பழம் சேமித்துவைக்கும் கொட்டகை ஒன்றில் இறக்கி, 1996 இல் வேலையை ஆரம்பித்தார்கள். கொட்டகையில் கழிப்பறை கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. எல்லோருடைய வீடும் பக்கத்திலேயே இருந்ததால் யாராவது ஒருவர் கிளம்பிப் போய்க்கொண்டே இருந்தார்கள். அங்கே நான்கு பாட்டுகள்தான் தேறின.

அந்த ஆண்டு ஆகஸ்டில் பாடகி அலனிஸ் மோரிசெட்டின் கச்சேரிகளுக்கு முன்னால் வாசிக்கும் குழுவாக அமெரிக்காவைச் சுற்றினார்கள். அரைகுறையாக இருந்த புதுப் பாட்டுகளை அவருடைய ரசிகர்கள் முன்னால் வாசித்துப் பார்த்தார்கள். ‘பாரனாய்ட் ஆண்ட்ராய்ட்’ அப்போது பத்து நிமிடத்துக்கு மேல் நீண்டு, கடைசியில் ஆர்கன் வாசிப்போடு முடிகிற பாட்டு. வேறு யாரையோ பார்க்க வந்த கூட்டத்தின் முன் இதை வாசிக்கத் தனித் துணிச்சல் வேண்டும். ஆல்பத்தின் பெயரும் பயணத்தில் பிறந்ததுதான். டக்ளஸ் ஆடம்ஸ் எழுதி 1978 இல் பிபிசி வானொலியில் ஒலிபரப்பான ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி’ என்ற அறிவியல் நகைச்சுவைத் தொடரைப் பஸ்ஸில் போட்டுக் கேட்டபடி போனார்கள். அதில் விண்கலத்தின் கம்ப்யூட்டரிடம் ஒரு பாத்திரம் பேசும் பேச்சில் வருகிற இரண்டு சொற்கள்தான் ‘ஓகே கம்ப்யூட்டர்’. கலத்தை ஓட்டும் பொறுப்பைத் தன் கைக்கே தரச் சொல்கிற இடம் அது.

செப்டம்பரில் இடம் மாறியது. பாத் நகரத்துக்கு வெளியே ஒரு பள்ளத்தாக்கில் நிற்கும் செயின்ட் கேதரின்ஸ் கோர்ட், ட்யூடர் அரசர்கள் காலத்துக் கல் மாளிகை. அப்போது நடிகை ஜேன் சீமோருக்குச் சொந்தமாக இருந்தது. தி க்யூர் குழு அதற்குச் சற்று முன்னால் அங்கே தங்கி ஓர் ஆல்பம் பதிந்திருந்தது. வெளியாள் கிடையாது, மணிக்கணக்கு கிடையாது, தோன்றுகிறபோது வாசிக்கலாம். ஸ்டூடியோவில் சுவர்கள் ஒலியை விழுங்கிவிடும். இந்த மாளிகையிலோ ஒவ்வோர் அறைக்கும் ஒரு குரல் இருந்தது. ‘எக்ஸிட் மியூசிக்’ பாட்டில் யார்க்கின் குரலைச் சூழ்ந்து நிற்கும் எதிரொலி எந்தக் கருவியும் தந்ததல்ல, அவர் நின்று பாடிய கல் படிக்கட்டு தந்தது. ‘லெட் டவுன்’ பாட்டை நடனக் கூடத்தில், பின்னிரவு மூன்று மணிக்குப் பதிந்தார்கள். இடத்தையே வாத்தியமாக்கும் இந்தப் பழக்கம் காட்ரிச்சையும் ஜானியையும் விட்டுப் போகவில்லை. 2015 இல் வந்த ‘ஜுனூன்’ ஆல்பத்துக்காக இருவரும் ராஜஸ்தான் இசைக் கலைஞர்களோடு ஜோத்பூரின் மெஹ்ரான்கட் கோட்டையிலேயே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார்கள்.

கம்ப்யூட்டர் பெயர் தாங்கிய இந்த ஆல்பத்தில் பெரும்பகுதி, ஐந்து பேரும் ஓரிடத்தில் கூடி ஒரே சமயத்தில் வாசித்துப் பதிந்தது. ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிந்து பிறகு ஒட்டுவதுதான் அன்றும் இன்றும் வழக்கம். அப்படிச் செய்தால் பிழை குறையும், கூடவே ஒருவரை ஒருவர் கேட்டு வாசிக்கும்போது வரும் உயிரும் குறையும். ‘நோ சர்ப்ரைசஸ்’ பாட்டை முதல் தடவை வாசித்ததே ஆல்பத்தில் இருப்பது. பின்னால் பல முறை வாசித்தும் முதல் தடவை வந்தது வரவில்லை.

அந்தப் பாட்டில் இன்னொரு வேலையும் செய்தார்கள். வாத்தியங்களை இயல்பைவிட விரைவாக வாசித்துப் பதிந்து, நாடாவின் ஓட்டத்தைக் குறைத்து, மெதுவாகிப்போன அந்த இசையின் மேல் யார்க் பாடினார். கிட்டாரும் குளோக்கன்ஸ்பீல் என்ற உலோகக் கட்டை வாத்தியமும் கனவில் கேட்பதுபோல் மிதப்பதற்கு இதுதான் காரணம். தாலாட்டுபோல இனிக்கிற மெட்டு. பாடுகிறவனோ வேலை வேலையென்று ஓடி ஓய்ந்து, இனி எதுவும் நிகழாமல் இருந்தால் போதும் என்று கைகளைத் தூக்கிவிட்டவன். மெட்டின் இனிமையில் பலர் இந்த இருட்டைக் கவனிப்பதே இல்லை.

கணினி நிஜமாகவே வேலை செய்தது முதல் பாட்டான ‘ஏர்பேக்’கில். டிஜே ஷேடோ என்ற அமெரிக்கக் கலைஞர் பழைய இசைத்தட்டுகளிலிருந்து துண்டுகளை வெட்டி ஒட்டிப் புது இசை செய்தவர். அதைக் கேட்டு மயங்கிய குழுவினர், செல்வே வாசித்த டிரம்ஸில் சில வினாடிகளை மட்டும், ஒலித்துண்டுகளைச் சேமித்து மீண்டும் ஒலிக்கவைக்கும் சாம்பிளர் கருவியில் ஏற்றி, மேக்கின்டாஷ் கம்ப்யூட்டரில் நறுக்கி அடுக்கினார்கள். மனிதன் வாசித்ததுதான், ஆனாலும் மனிதன் வாசித்ததுபோல் இல்லை. பேஸ் கிட்டார் நினைத்த இடத்தில் வந்து, நினைத்த இடத்தில் நின்றுபோகும். யார்க் இளவயதில் ஒரு கார் விபத்தில் சிக்கியவர். அதிலிருந்து கார் மேல் அவருக்குத் தீராத அச்சம். இவ்வளவு பெரிய வேகத்தில் போய்விட்டுப் பத்திரமாக இறங்குவதே அதிசயம் என்கிற வியப்புதான் பாட்டு.

‘பாரனாய்ட் ஆண்ட்ராய்ட்’ ஆறு நிமிடத்தைத் தாண்டும் பாட்டு. தலைப்பில் இருப்பது ஆடம்ஸின் தொடரில் வருகிற, எப்போதும் மனம் சோர்ந்து கிடக்கும் ரோபோ. பொருளுக்கும் ரோபோவுக்கும் தொடர்பு கிடையாது. லாஸ் ஏஞ்சலிஸ் மதுக்கூடம் ஒன்றில் யார்க் கண்ட, ஒரு பெண்ணின் வெறிபிடித்த கோபம்தான் பாட்டுக்கு வித்து. வெவ்வேறு உறுப்பினர்கள் கொண்டுவந்த துண்டுகளை இணைத்ததால் பல்லவி, சரணம், மறுபடி பல்லவி என்ற ஒழுங்கு இதில் இல்லை. மெல்லத் தொடங்கி, சீறி, சட்டென்று தேவாலயக் கோரஸ்போல் அடங்கி, மீண்டும் சீறி முடிகிறது. சீறும் பகுதியில் நாலின் கணக்கில் ஓடும் தாளம் திடீரென்று ஏழுக்குத் தாவும். சதுஸ்ரத்துக்கு நடுவே மிஸ்ரம் எட்டிப்பார்ப்பதாகக் கர்நாடக இசை கேட்பவர்களுக்குச் சொல்லலாம். குவீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’யோடு இதை ஒப்பிடாதவர்கள் குறைவு. இந்த நீளத்தில் ஒரு பாட்டை முதல் சிங்கிளாக வெளியிட்டது வியாபாரப்படி தப்புக் கணக்கு. கணக்குத் தப்பவில்லை: பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம்.

‘எக்ஸிட் மியூசிக்’ பாஸ் லுர்மனின் ‘ரோமியோ + ஜூலியட்’ படத்துக்கு எழுதியது. படத்தின் கடைசி அரை மணி நேரத்தை மட்டும் அனுப்பிப் பாட்டு கேட்டிருந்தார் இயக்குநர். ஒற்றைக் கிட்டாரும் குரலுமாகத் தொடங்கும் இதில் நடுவே கோரஸ் ஒன்று பனிபோல் வந்து கவிகிறது. அது ஆட்கள் பாடியதல்ல, மெலோட்ரான். பியானோ போன்ற கட்டைகள், ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்த நாடா. அழுத்தினால் அதில் பதிந்துவைத்த வயலினோ குரலோ ஒலிக்கும். 1960களின் கருவி. சாம்பிளரின் தாத்தா என்று வைத்துக்கொள்ளலாம். கணினிகள் மலிந்த காலத்தில் இந்தத் தாத்தாவை ஜானி தேடிப் பிடித்தது இந்த ஆல்பத்தின் போக்கைக் காட்டுகிறது.

‘கிளைம்பிங் அப் தி வால்ஸ்’ பாட்டுக்கு ஜானி எழுதிய வயலின் பகுதி லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் 1997 ஜனவரியில் பதிவானது. போலந்து இசையமைப்பாளர் பென்டெரெட்ஸ்கியின் பாதிப்பில், பதினாறு கருவிகளும் ஒன்றுக்கொன்று கால் சுர இடைவெளியில் விலகி ஒலிக்கும்படி எழுதியிருந்தார். கேட்கும்போது சுருதி பிசகியதாகத் தோன்றாது, அறையின் சுவர்கள் நகர்ந்து வருவதாகத் தோன்றும். பின்னாளில் ஜானி திரைப்பட இசையமைப்பாளராகப் பெயர் வாங்கியதற்கு விதை இங்கே கிடக்கிறது.

ஏழாவதாக வரும் ‘ஃபிட்டர் ஹேப்பியர்’ பாட்டே அல்ல. மேக்கின்டாஷ் கம்ப்யூட்டரில் எழுத்தை வாசித்துக் காட்டும் ஒரு குரல் உண்டு. ‘ஃபிரெட்’ என்று அதற்குப் பெயர். உடம்பைப் பேணு, ஒழுங்காகச் சாப்பிடு, சக ஊழியர்களோடு அனுசரித்துப் போ என்கிற மாதிரியான அறிவுரைகளை அந்தக் குரல் உணர்ச்சியில்லாமல் அடுக்கிக்கொண்டே போகிறது. இதையே ஆல்பத்தின் தொடக்கமாக வைக்கலாமா என்று யோசித்துக் கைவிட்டார்கள். வைத்திருந்தால் பாதிப் பேர் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். தனியாகக் கேட்க யாரும் விரும்பாத இரண்டு நிமிடம் இது. ‘கர்மா போலீஸ்’ முடிந்து, எட் ஓ'பிரையனின் கிட்டார் எதிரொலிக் கருவிக்குள் சிக்கிச் சுழன்று அணைந்த பிறகு கேட்டால்தான் அதன் குளிர் உறைக்கிறது. பாட்டுகளின் வரிசையை முடிவுசெய்ய யார்க்குக்கு இரண்டு வாரம் பிடித்ததில் வியப்பில்லை.

கடைசியில் ‘தி டூரிஸ்ட்’. பிரான்சில் நின்றுகூடப் பார்க்காமல் ஓடும் சுற்றுலாப் பயணிகளைப் பார்த்ததிலிருந்து பிறந்த பாட்டு; இசை ஜானியுடையது. மற்ற பதினொன்றிலும் அடுக்கடுக்காக நிறைந்திருக்கும் ஒலிகள் இதில் விலகி இடம் விடுகின்றன. கடைசியில் ஒரே ஒரு சிறு மணியொலி, அதோடு சரி.

அட்டைப்படத்தை யார்க்கும் ஓவியர் ஸ்டான்லி டான்வுட்டும் சேர்ந்து கம்ப்யூட்டரில் வரைந்தார்கள். ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டார்கள்: வரைந்ததைப் பின்வாங்கி அழிக்கும் வசதியைத் தொடக்கூடாது. தப்பாகப் போனால் அதன் மேலேயே தீட்டி மறைக்க வேண்டும். வெளிறிய வெள்ளையும் நீலமுமாகச் சுரண்டிச் சுரண்டி எஞ்சிய அந்தப் படத்தில் ஒன்றோடொன்று பின்னும் நெடுஞ்சாலைகள் தெரியும். அது எந்த ஊர் என்பது நெடுநாள் புதிராக இருந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஹார்ட்ஃபோர்டு நகரச் சாலைச் சந்திப்பு என்று ரசிகர்கள் கண்டுபிடித்தபோது ஆல்பத்துக்கு ஏறக்குறைய இருபது வயது.

ஆல்பத்தைக் கேட்ட அமெரிக்க நிறுவனமான கேபிடல் கலங்கிவிட்டது. வானொலியில் போடத் தோதான பாட்டு எதுவும் காதில் படவில்லை. இருபது லட்சம் பிரதி விற்கும் என்ற மதிப்பீட்டை ஐந்து லட்சமாகக் குறைத்தார்கள். விளம்பரத்தில் மட்டும் கஞ்சத்தனம் இல்லை: ஆல்பம் உள்ளே இருக்க, திறக்கவே முடியாதபடி பசை போட்டு ஒட்டிய ஆயிரம் கேசட் பிளேயர்களைப் பத்திரிகையாளர்களுக்கும் முக்கியமானவர்களுக்கும் அனுப்பினார்கள். வேறு கேசட் போட வழியில்லை. கேட்டால் இதைத்தான் கேட்க வேண்டும்.

ஜப்பானில் 1997 மே 21, பிரிட்டனில் ஜூன் 16, அமெரிக்காவில் ஜூலை 1 ஆகிய நாட்களில் ஆல்பம் கடைகளுக்கு வந்தது. பிரிட்டனில் நேராக முதலிடம். அமெரிக்காவில் 21 ஆம் இடம், அதுவரை இவர்கள் எட்டாத உயரம். அப்போது பிரிட்டனில் பிரிட்பாப் என்ற உள்நாட்டு கிட்டார் இசை அலை ஓய்ந்துகொண்டிருந்தது. மே மாதத் தேர்தலில் தொழிற்கட்சியின் டோனி பிளேர் வென்று நாடே கொண்டாட்டத்தில் இருந்த நேரம். கொண்டாட்டத்துக்கு நடுவே சோர்வையும் அச்சத்தையும் பாடிய ஆல்பம் எடுபட்டது எப்படி என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆகஸ்டில் ஒயாசிஸ் குழுவின் ‘பி ஹியர் நவ்’ ஆரவாரமாக வந்து அலுப்பூட்டியது பதிலில் ஒரு பகுதி. ஜூன் 28 அன்று மழையிலும் சேற்றிலும் நடந்த கிளாஸ்டன்பரி திருவிழாவில் மேடை ஒலிக்கருவிகள் பழுதாகி, தன் குரலே கேட்காமல் யார்க் பாடினார். இறங்கிப் போய்விடலாம் என்று நினைத்தாராம். அந்த விழாவின் மிகச் சிறந்த கச்சேரிகளில் ஒன்றாக அதைத்தான் இப்போது சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு சிறந்த ஆல்டர்னேடிவ் ஆல்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. ‘க்யூ’ இசை இதழின் வாசகர்கள், வந்து ஓர் ஆண்டுகூட முழுதாகாத இதை எக்காலத்துக்கும் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தார்கள். அது கொஞ்சம் அவசரம்தான்.

புகழுக்கு விலை இருந்தது. ஓட்டத்தைப் பற்றிப் பாடியவர்கள் ஓராண்டு ஊர் ஊராக ஓடினார்கள். விமான நிலையம், ஹோட்டல், ஒரே கேள்விகளைக் கேட்கும் பேட்டிகள். அந்தச் சலிப்பை அப்படியே பிடித்தது கிராண்ட் ஜீ எடுத்த ‘மீட்டிங் பீப்பிள் இஸ் ஈஸி’ என்ற ஆவணப்படம். பயணம் முடிந்ததும் யார்க் மனமுடைந்து எழுத முடியாமல் தவித்தார். இதற்கிடையில் உச்சக் குரலும் ஏக்கமும் கலந்த இவர்களுடைய பாணியைப் பிடித்துக்கொண்டு பிரிட்டனில் பல குழுக்கள் கிளம்பின. ஆல்பத்தின் மெட்டை எடுத்துக்கொண்டவர்கள் உண்டு, அதன் பயத்தை எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. ரேடியோஹெட் அந்தப் பாணியையே உதறிவிட்டு, கிட்டாரை ஓரங்கட்டி, மின்னணு இசையால் நிறைத்து 2000 அக்டோபரில் ‘கிட் ஏ’ கொண்டுவந்தது.

‘ஓகே கம்ப்யூட்டர்’ உலகெங்கும் 70 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் 2014 ஆம் ஆண்டுப் பட்டியலில் இதைச் சேர்த்தது. இருபதாம் ஆண்டில், வெளியிடாமல் கிடந்த மூன்று பாட்டுகளையும் சேர்த்து மறுபதிப்பு வந்தது. 2019 இல், ஆல்பம் உருவான காலத்தில் யார்க் மினிடிஸ்க் என்ற சிறு ஒலித்தட்டுகளில் பதிந்துவைத்த 18 மணி நேர ஒலியை யாரோ களவாடி இணையத்தில் விலை பேசினார்கள். குழு அவர்களுக்குப் பணம் கொடுக்கவில்லை. மொத்தத்தையும் தானே இணையத்தில் வைத்து, 18 பவுண்டுக்கு 18 நாள் விற்று, வந்த பணத்தைச் சுற்றுச்சூழல் இயக்கம் ஒன்றுக்குக் கொடுத்தது. ‘பாரனாய்ட் ஆண்ட்ராய்ட்’, ‘கர்மா போலீஸ்’, ‘நோ சர்ப்ரைசஸ்’ மூன்றும்தான் அந்நாளில் பிரிட்டனில் சிங்கிளாக விற்கப்பட்டவை. நடனக் கூடத்தில் பின்னிரவில் பதிந்த ‘லெட் டவுன்’ அந்த வரிசையில் இல்லை. ஆல்பம் வந்தபோது பிறந்திராத இளைஞர்கள் டிக்டாக்கில் அதைப் பரப்ப, 28 ஆண்டுகள் கழித்து 2025 இல் அமெரிக்காவின் ஹாட் 100 பாடல் பட்டியலில் அது முதல் முறையாக ஏறியது.